கங்காணிப் பாட்டு

என் உயிரோடு ஒட்டிய ராஜம்மா அண்ணிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் தாடை வலி இருக்காது என்று நம்புகிறேன். மழை வந்தால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்களே, அந்த வலியும் உங்களோடு சேர்ந்து எரிந்து போயிருக்கும். இங்கே மெர்போக்கில் பத்து நாளாக விடாத மழை. தூறல் விழுந்தால் போதும், என் கண் உங்கள் நாற்காலிக்குப் போய்விடுகிறது.

நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. உங்கள் பிள்ளை கதிரேசன் ஒரு சடங்கையும் குறைக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை அண்ணி. பயம்தான் காரணம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை ஐம்பது வருடத்துக்கு மேல் விழுங்கி வைத்திருந்துவிட்டு, இப்போது ஊரே படிக்கும்படி பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மனைப் பற்றிய பாட்டு. ஆனால் மெட்டு நம் மெட்டு. முதல் கைதட்டு விழுந்ததுமே என் மூக்கில் புளித்த ரப்பர்பாலின் வாடை ஏறியது. என் கைகள் தாமாகவே தட்டத் தொடங்கின. அப்புறம் நிற்க முடியாமல் தூணில் சாய்ந்தேன். ஒரு பிள்ளை ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, ஓகேயா? உக்காருங்க லா. ஆயர் வேணுமா?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பிள்ளை. அவளிடம் என்ன சொல்வது? நிறுத்துங்கள், இந்த மெட்டில் ஒரு மனிதனை வெட்டிக் கொன்றார்கள் என்றா?

அந்த மெட்டுக்கு ஒரு காலத்தில் வேறு வார்த்தைகள் இருந்தன. அவற்றைக் கட்டியது நான். பாடியது நீங்கள். படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோலா கெத்திலிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில், ஏழாவது மைலில், ஏழாங்கட்டைத் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் இடம் இருந்தது. அம்மாவும் அப்பாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். மிஞ்சியது அண்ணனும் நானும். அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. எனக்கு ஆறாம் வகுப்புவரை படிப்பு. உங்களுக்குக் கையெழுத்துக்கூடப் போட வராது. ஆனால் நீங்கள் மரம் சீவிக்கொண்டே பாடினால் நாலு நிரை தள்ளி நிற்கிறவர்கள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒருமுறை கேட்ட பாட்டை நீங்கள் மறந்ததே கிடையாது. இதைப் படிக்கிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் தோட்டத்துச் சங்கத்தில் முன்னால் நின்றவர். கள்ளுக்கடை மறியல், சம்பள உயர்வு, பிரசவத்துக்கு லீவு என்று தினம் ஒரு கூட்டம். அந்தக் கூட்டங்களில் பாட நான் பாட்டுக் கட்டினேன். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி உங்களுக்குப் படித்துக் காட்டுவேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மறுநாள் அதற்கு உயிர் கொடுத்துவிடுவீர்கள்.

அப்படி ஒரு நாளில்தான் பெரியசாமிக் கங்காணி வேலுவைக் கட்டி வைத்து அடித்தார். வேலு பாவம், மலேரியாக் காய்ச்சலோடு வேலைக்கு வந்தவன். பால் நிறுக்கும் கொட்டகை வாசலில் தடுக்கி விழுந்து வாளிப் பாலையும் கொட்டிவிட்டான். கங்காணி அவனைக் கொட்டகைக்கு எதிரே இருந்த பெரிய ரப்பர் மரத்தில் சேர்த்துக் கட்டினார். ரொட்டான் பிரம்பு முறியும்வரை அடித்தார். பிரம்பு முறிந்ததும் இடுப்பு வாரைக் கழற்றினார். அத்தனை பேரும் நின்று பார்த்தோம். வேலுவின் வலது கை அதன்பிறகு நிமிரவே இல்லை. கத்தி பிடிக்க முடியாதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அடுத்த மாதம் லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் அன்று சாயங்காலம் சாப்பிடாமல் உட்கார்ந்து கட்டியதுதான் கங்காணிப் பாட்டு.

பால்மரம் சீவுற பெண்டுகளே – நம்ம
பாடுகள் கேட்டவர் யாருமில்லே
கால்கடுத் தோடி உழைச்சதெல்லாம் – அந்தக்
கங்காணி வாருக்குத் தீனியடி

இப்படித் தொடங்கி இன்னும் இரண்டு அடி போகும். கடைசி அடி இது:

முதுகுல வாரை உரிச்சவனை – அவன்
முதுகே ஒருநாள் கேட்குமடி
மரத்துல கட்டி அடிச்சவனை – அந்த
மரமே ஒருநாள் கட்டுமடி

நீங்கள் அதை முதல்முறை கூட்டத்தில் பாடியபோது பெண்கள் எல்லோரும் எழுந்து கும்மி தட்டினார்கள். "மரமே ஒருநாள்" என்று நீங்கள் குரலை ஏற்றி நிறுத்த, "கட்டுமடி" என்று கூட்டமே முடித்தது. அண்ணனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. என் வார்த்தையை இருநூறு பேர் சொல்கிறார்கள்! அந்த ருசி எப்படிப்பட்டது என்று பாட்டுக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அதன் மறுவருடம், காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. சங்கத்து ஆட்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். அண்ணனைச் சாப்பிட்ட கையோடு லாரியில் ஏற்றினார்கள். சில மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டு, பிறந்தது அங்கேதானே என்று சொல்லி, பினாங்கிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி விட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. நான்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் கப்பலேறியபோது கதிரேசன் உங்கள் வயிற்றில் ஐந்து மாதம்.

அப்புறம் நம் இருவருக்கும் அந்தப் பிள்ளைதான் உலகம். நாள்காட்டித் தாள்களையெல்லாம் அடுப்பில் போட்டோம். "இனிமே பாட்டுன்னு வாயத் திறக்கக்கூடாது, காமாட்சி" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனபோது அந்தக் காலை வந்தது.

வெயில் ஏறி, எல்லோரும் பாலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டோம். நீங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். கங்காணியின் மனைவி தனம் அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை செல்வி. திடீரென்று மரங்களுக்கு நடுவிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காக்கி உடுப்பு, தொப்பியில் நட்சத்திரம், கையில் துப்பாக்கி. காட்டுக்காரர்கள் என்று சொல்லித்தான் கேள்விப்பட்டிருந்தோம். அன்றுதான் கண்ணால் பார்த்தோம். தலைவன் மலாயில் பேசினான். அதைத் தமிழில் சொல்ல ஒருவன் இருந்தான். நம் பக்கத்துத் தோட்டத்துப் பையன் போன்ற முகம். ஒல்லி. காலெல்லாம் அட்டை கடித்த புண்.

முதலில் நம் அடையாள அட்டைகளைப் பிடுங்கித் தீயில் போட்டார்கள். பிறகு கங்காணியின் தலைப்பாகையை அவிழ்த்து, அதைக் கொண்டே அவரை அந்த மரத்தில் கட்டினார்கள். அதே மரம். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

"சங்கத்துல கங்காணிப் பாட்டுன்னு ஒண்ணு பாடுவீங்களே, யாரு பாடுவா?" என்று அந்த ஒல்லிப் பையன் கேட்டான்.

இரண்டு மூன்று பேர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"நீங்களா, அக்கா? பாடுங்க. மத்த பொம்பளைங்க எல்லாம் சுத்தி நின்னு கும்மி தட்டுங்க. தப்பு செஞ்சவனுக்குத் தண்டனை. ஜனங்க பாட்டுலயே நடக்கட்டும்."

"எனக்குப் புள்ளை இருக்கு, தம்பி. விட்டுடுங்க."

"பாடுனா ஒண்ணும் செய்ய மாட்டோம். பாடலைன்னா தெரியாது." துப்பாக்கி முனை உங்கள் தோளைத் தொட்டது.

கங்காணி அப்போதுதான் வாய் திறந்தார். நம்மையெல்லாம் நாய் என்று கூப்பிட்ட அதே வாய். "தாயி, பாடாத தாயி. என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. பாட்டு முடிஞ்சா வெட்டிருவானுங்க. பாடாத தாயி."

பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பாடத் தொடங்கினீர்கள். நான் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வட்டத்தில் நின்று கைதட்டினேன். நாற்பது பெண்கள் அழுதுகொண்டே கும்மி தட்டினோம். தனம் தரையில் புரண்டு அலறினாள். ஒருவன் அவள் வாயைத் துணியால் பொத்தினான்.

முதல் அடியைப் பாடினீர்கள். திரும்பவும் அதையே பாடினீர்கள். மூன்றாம் முறையும் அதையே. இழுத்து இழுத்து, ஒப்பாரி போல. இரண்டாவது அடி, மூன்றாவது அடி, அவற்றையும் அப்படியே திருப்பித் திருப்பி. ஒல்லிப் பையன் பொறுமையிழந்து, "போதும், கடைசி அடிக்கு வாங்க" என்றான். நீங்கள் நிறுத்தினீர்கள். வாயைத் திறந்தபடி நின்றீர்கள்.

"மறந்துபோச்சு" என்றீர்கள்.

சடக்கில் எங்கேயோ ஒரு லாரிச் சத்தம் கேட்டது போல இருந்தது. அது நிஜமா, பிரமையா, தெரியாது. கங்காணி தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார்.

"அடி மறந்துபோச்சு, தம்பி. ரொம்ப நாளாச்சு. கொஞ்சம் இருங்க, ஞாபகம் பண்றேன்."

அண்ணி, உங்களுக்கு இடதுபுறம், ஒரு முழத்தில், நான் நின்றிருந்தேன். என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"முதுகுல வாரை உரிச்சவனை" என்று எடுத்துக் கொடுத்தேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கிணற்றில் விழுகிற ஒருத்தி மேலே நிற்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். பிறகு பாடினீர்கள். வேறு என்ன செய்ய முடியும் உங்களால்? "மரமே ஒருநாள்" என்று நீங்கள் குரலை ஏற்றவில்லை. கூட்டமும் முடிக்கவில்லை. கத்திதான் முடித்தது.

முதல் வெட்டு கழுத்தில் சரியாக விழவில்லை, தோளில் விழுந்தது. அவர் "அம்மா" என்றார். மூன்றாவது வெட்டில்தான் தலை சாய்ந்தது. இரத்தம் மரப்பட்டையில் நாம் சீவிய கோடு வழியாகவே இறங்கி, பால் விழும் மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. வெள்ளைப் பாலின் மேல் சிவப்பு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் பார்த்தீர்களா?

அவர்கள் போனபிறகும் நாங்கள் கைகளைக் கீழே போடவில்லை. தட்டிய நிலையிலேயே நின்றோம்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போகுமுன் நம்மை வரிசையாக நிறுத்தும் அதே இடத்தில், சிப்பாய்களும் மாத்தாப் போலீஸ்காரர்களும் நம்மைச் சூழ்ந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அவனோடு தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளர். ஆண்களை மண்டியிட வைத்து அடித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது தனம் முன்னால் வந்தாள். சேலையில் இரத்தம் காய்ந்து கட்டையாக நின்றது. உங்களைக் கையால் காட்டினாள்.

"இவதான் பாடுனா. என் புருசன் சாக இவதான் பாடுனா."

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "பாட்டக் கட்டுனது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், அண்ணி. நீங்கள் இடுப்பிலிருந்த பிள்ளையை என் மேல் திணித்தீர்கள். என் காதோரம், "புள்ளைக்குப் பால் காச்சிக் குடு. வாயத் திறந்தே, என் மவன் அநாதை" என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "நான்தான் கட்டுனேன்" என்றீர்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவ எப்படிக் கட்டுன?"

"பாட்டுக் கட்ட எழுத்து எதுக்குங்க?"

உங்களை லாரியில் ஏற்றினார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏழு கட்டையும் நடந்தேன். டவுனில் போலீஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சீனர் கடையின் கூரை நிழலில் உட்கார்ந்தேன். மத்தியானம். ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உங்கள் குரல் கேட்டது. பாட்டைப் பாடச் சொல்லி ஒவ்வொரு வரியாக அந்த வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்தார்களாம், நீங்கள் பிறகு சொன்னீர்கள். நிறுத்தி நிறுத்திப் பாடினீர்கள். கடைக்காரர் கணக்குமணியைத் தள்ளுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரமே ஒருநாள்" என்றீர்கள். அதன்பின் ஒரு சத்தம். காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து முறிப்பதுபோல. துப்பாக்கிக் கட்டையால் தாடையில் அடித்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. நீங்கள் கத்தவில்லை. கத்த முடிந்திருக்காது.

நான் எழுந்து நின்றேன். சாலையில் இரண்டு அடி வைத்தேன். உள்ளே போய், நான்தான், நான்தான் கட்டினேன், அவளை விடுங்கள் என்று சொல்ல இருபது அடி தூரம்தான் இருந்தது. கதிரேசன் அழத் தொடங்கினான். நான் திரும்பி வந்து அதே நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைக்காகத்தான் திரும்பினேனா? இதை எத்தனை ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருப்பேன். அவன் அழாமல் தூங்கிக்கொண்டிருந்தால் நான் போயிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை அண்ணி.

இரண்டரை வருடம் உங்களைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அதற்குள் நம் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வாசலில் சோதனை. மரம் சீவப் போகும்போது ஒரு பிடி சோறு மடியில் இருந்தாலும் பிடுங்கி மண்ணில் கொட்டுவார்கள். கதிரேசனுக்கு வயிற்றுப்போக்கு வந்து கண் செருகியபோது, ஊரடங்கு என்று வாசலைத் திறக்க மறுத்தார்கள். நான் அந்த வேலியைப் பிடித்து உலுக்கிய தழும்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டான். என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். இல்லை, அத்தை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. அதுவும் என் தப்புதான்.

நீங்கள் விடுதலையாகி வந்த பிற்பகல் நினைவிருக்கிறதா? நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனை மடியில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தாலாட்டு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மெட்டு. அதில் பாலும் சோறும் நிலாவும் போட்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் வாயில் அறைந்தது. உதடு கிழிந்தது. திரும்பினால் நீங்கள். முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. பற்களைத் திறக்காமல் பேசினீர்கள்.

"அந்த மெட்டு என் புள்ளை காதுல விழக்கூடாது."

கதிரேசன் அலறிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். உங்களைப் பார்த்து, "அடிக்காத, போ" என்று கத்தினான். நீங்கள் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். நான், "இவங்கதான்டா உன்னப் பெத்தவங்க" என்றேன். அவனுக்கு என்ன புரியும்? நான் உங்களை அண்ணி என்று கூப்பிட்டதைக் கேட்டு அவனும் அண்ணி என்றே கூப்பிட்டான். அதுவே நிலைத்துவிட்டது. பெற்ற தாயைக் கடைசிவரை அண்ணி என்று கூப்பிட்ட பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்தது. நீங்கள் ஒருநாளும் அவனைத் திருத்தவில்லை. ஒருவரும் உங்கள் பாட்டை அப்புறம் கேட்கவும் இல்லை.

அவசரகாலம் முடிந்து நாம் மெர்போக்குக்கு வந்த பிறகு, வருடத்தில் ஒருநாள் நீங்கள் பஸ் ஏறிப் பண்டார் பாருவுக்குப் போவீர்கள். தனம் தன் தம்பி வீட்டோடு அங்கே போய்விட்டிருந்தாள். முதல்முறை கிளம்பியபோது நான் தடுத்தேன்.

"உங்கள மாட்டிவிட்டவ அவ. அவளைப் பாக்க எதுக்குப் போறீங்க?"

"அவ புருசன் செத்தப்ப வாய் என்னோடது" என்றீர்கள். "நீயும் வரியா?"

நான் வரவில்லை. அந்த வருடம் மட்டுமல்ல, ஒரு வருடமும் வரவில்லை. கால்வலி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வேலை, மழை, ஏதாவது ஒன்று. நீங்களும் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

இப்போது செய்தி சொல்கிறேன். உங்கள் கருமாதிக்கு ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள், ஆனாலும் தலை முழுக்க நரை. வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் செல்வி. கங்காணி மவ" என்றாள்.

தனம் இறந்து எட்டு வருடமாகிறதாம். நான் அவளைப் பின்கட்டில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"மொத தடவ உங்க அண்ணி வந்தப்ப அம்மா வெளக்குமாத்த எடுத்துட்டாங்க. இவங்க நகரவே இல்லையாம். அடி வாங்கிக்கிட்டே, பாட்டக் கட்டுனதும் நான், பாடுனதும் நான், மன்னிச்சிருன்னு நின்னாங்களாம். நாலஞ்சு வருசம் போயித்தான் அம்மாவுக்கு மனசு எறங்குச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புடுவாங்க லா. இழுத்து இழுத்துப் பாடுனது எங்கப்பா உசுரு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னுதான்னு அம்மாவுக்கே புரிஞ்சுபோச்சு. மறந்துபோச்சுன்னு சொன்னதும் பொய்யின்னு புரிஞ்சுபோச்சு."

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ஆனா பக்கத்துல நின்ன யாரோ ஒரு பொம்பள அடிய எடுத்துக் குடுத்துட்டாளாம். அது மட்டும் இல்லைன்னா லாரி வந்திருக்கும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அது யாருன்னு உங்க அண்ணிய எத்தனையோ தடவ கேட்டாங்க. கண்ணுல தண்ணி, பாக்கலைன்னுட்டாங்க. கட்டுனவளையும் பாடுனவளையும் மன்னிச்சிட்டேன், எடுத்துக் குடுத்தவள மன்னிக்க மாட்டேன்னு சொல்லித்தான் அம்மா கண்ண மூடுனாங்க. நீங்களும் அந்த வட்டத்துல இருந்தீங்கதானே, அத்தை? உங்களுக்குத் தெரியுமா?"

நான் தெரியாது என்றேன். உங்கள் படத்துக்கு முன்னால், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, தெரியாது என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, "பாவம், நீங்க எவ்வளவு பயந்திருப்பீங்க" என்று சொல்லிப் போனாள்.

என் அடியை நீங்கள் வாங்கினீர்கள். என் சிறையை நீங்கள் அனுபவித்தீர்கள். எனக்கு வர வேண்டிய மன்னிப்பையும் நீங்களே விளக்குமாற்றடி பட்டு வாங்கி வைத்துவிட்டீர்கள். எஞ்சியிருப்பது ஒன்றுதான், அதை மட்டும் யாராலும் எனக்காக வாங்க முடியாது.

ஏன் எடுத்துக் கொடுத்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களைச் சுட்டுவிடுவார்கள் என்று பயந்தேன், அதனால்தான் என்று எனக்கு நானே ஐம்பது வருடம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தலைப்பாகையால் அவரை அந்த மரத்தில் கட்டியபோது என் நெஞ்சுக்குள் ஒரு குதிப்பு எழுந்தது அண்ணி. வேலுவின் கை நினைவுக்கு வந்தது. நான் சொன்னது பலித்துவிட்டது என்று தோன்றியது. நீங்கள் மறந்துபோச்சு என்றதும், என் பாட்டின் மிகச் சிறந்த அடி பாடப்படாமல் போய்விடுமே என்று நாக்கு துடித்தது. ஒரு நொடிதான். அந்த நொடியில்தான் வாய் திறந்தது. உங்களுக்குத் தெரியும், இல்லையா? அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டுவிட்டீர்கள். தெரிந்துதான் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின் கீழ் என்னோடு இவ்வளவு காலம் இருந்தீர்களா?

வரும் ஞாயிற்றுக்கிழமை கதிரேசனின் காரில் பண்டார் பாருவுக்குப் போகிறோம். "எதுக்கும்மா திடீர்னு?" என்று கேட்டான். வழியில் சொல்கிறேன் என்றேன். கூலிமைத் தாண்டுவதற்குள் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், யார் எதற்காக அவனை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது உட்பட. அதற்கப்புறமும் அவன் வண்டியைத் திருப்பாமல் ஓட்டினால், செல்வியின் வாசலில் இறங்கி, எடுத்துக் கொடுத்தவள் நான்தான் என்று சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதைக் கொடுக்கக்கூடிய தனம் இப்போது இல்லை. செல்வி விளக்குமாற்றை எடுத்தால், நீங்கள் நின்றதுபோல நகராமல் நிற்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு, அண்ணி. இந்த முறை கால்வலி என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் பிள்ளையை வளர்த்த,
உங்கள் நாத்தனார்
காமாட்சி